எடை குறைந்த கவசம்

ஜூன் 9, திங்கள்

இன்று காலை ஸ்டோர் ரூமில் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளிருந்து வந்த நாற்றத்தில் தின்ற இட்லி தொண்டை வரை வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஒப்பந்தத்துக்காக வாங்கிய கவச ஜாக்கெட்டுகள். ஒன்றின் வயிற்றைக் கிழித்து எலி குட்டி போட்டிருந்தது. குட்டிகள் எப்போதோ செத்துக் காய்ந்து, பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக் கிடந்தன. குச்சியால் தள்ளினேன், பெயரவில்லை.

எம்.டி. ஆறுச்சாமி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சலவைக்குப் போட்டா ஆகாதா வஞ்சி?"

நான் பெட்டியை மூடினேன். எலி பல்லால் கிழித்துக் கூடு கட்டுகிற அளவுக்கு மெத்தென்று இருந்த ஒன்றைத்தான் குண்டு துளைக்காத ஜாக்கெட் என்று நம்பி மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனிக்கு வேலை இதுதான்: ஏ.டி.எம்.களில் பணம் நிரப்பும் வேன்களுக்குக் காவலாட்களை அனுப்புவது. சிங்காநல்லூரில் ஒரு பழைய மில் குடோனில் ஆபீஸ், நாற்பது ஆட்கள். நான் கொள்முதலும் ஸ்டோரும் பார்க்கிறேன். போன மாதம் வேறெங்கோ இன்னொரு கம்பெனியின் வேனை மறித்துக் காவலாளைக் கத்தியால் குத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து எங்களுக்கு ஒப்பந்தம் தரும் வங்கிக்குப் பயம். ஆகஸ்டு முதல் தேதிக்குள் எல்லோருக்கும் கத்தியையும் குண்டையும் தடுக்கும் ஜாக்கெட் வேண்டுமாம். அதற்காக ஒப்பந்தத் தொகையில் ஒரு ரூபாயும் கூட்ட மாட்டார்களாம்.

"வெலையும் எச்சாப் போகக் கூடாது, சாமானும் மட்டமா இருக்கக் கூடாது. நடுவாப்புல ஒண்ணப் பாரு. உனக்கென்ன, நீ அதுல கெட்டிக்காரி" என்றார் எம்.டி.

கெட்டிக்காரிதான். பதினோரு வருஷமாக இந்த நடுவாப்பைத்தான் தேடிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வேலு வந்து பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டான். தெருவே நாறியது. என் தம்பி குழந்தைவேலுவை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் நான்தான். அதற்கும் நான் ஜாக்கெட் தேடப் போவதற்கும் சம்பந்தமில்லை. யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இப்படித்தான் தேடுவேன்.

ஜூன் 12, வியாழன்

டவுன்ஹால் பக்கம் ஒரு கடை. கூரை வரைக்கும் ராணுவப் பச்சை. எல்லாவற்றின் மேலும் 'டாக்டிகல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். டாக்டிகல் பெல்ட், டாக்டிகல் தண்ணீர் பாட்டில். டாக்டிகல் கைக்குட்டைகூட இருக்கிறது, சளி சிந்துவதற்கு. கையுறைகளில் பசை நாற்றம் கண்ணைக் கரித்தது. பூட்ஸ் ஒன்றை வளைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. கடைக்காரன் அதைக் கையால் அமுக்கிவிட்டு, நடக்க நடக்கச் செட்டாகிவிடும் என்றான்.

ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டான். "பாக்கெட் எத்தன இருக்குது பாருங்க மேடம்."

"உள்ள என்ன இருக்கு?"

"வாக்கி டாக்கிக்குத் தனி எடம், டார்ச்சுக்குத் தனி எடம்..."

"அது வெளிய. உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன்."

"உள்ள நாமதானுங்க மேடம் இருப்போம்" என்று சிரித்தான்.

மாதிரிக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போது அதை மடியில் வைக்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

மூன்று மாதிரிகள் வந்துவிட்டன. டவுன்ஹால் கடையுடையது ஒன்று. ராணுவத்துக்கே விற்கிறோம் என்று சொல்லும் பெரிய கம்பெனியுடையது ஒன்று. அதன் விலையைச் சொன்னபோது எம்.டி. சிரித்தார், கோபப்படக்கூட இல்லை. மூன்றாவது பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறையுடையது, விலை இரண்டுக்கும் நடுவில்.

முற்றத்தில் மணல் மூட்டைக்கு ஜாக்கெட்டை மாட்டி, ராயப்பனிடம் கறிக்கடைக் கத்தியைக் கொடுத்தேன். காவலாட்களில் தோள் அகலமான ஆள் அவர். முதல் ஜாக்கெட்டில் கத்தி பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல் பிடி வரை போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய கம்பெனி ஜாக்கெட்டில் கீறல்தான் விழுந்தது. பெங்களூர் ஜாக்கெட் எல்லாக் குத்தையும் தடுத்தது. கடைசிக் குத்தில் மட்டும் முனை மேல் துணியைத் தாண்டிச் சிறிது போய் நின்றுவிட்டது. குண்டுக்கு என்னிடம் சோதனை இல்லை. பட்டறைக்காரர்கள் சுட்டுக் காட்டும் வீடியோ அனுப்பினார்கள். அதில் வேட்டுச் சத்தத்தைவிட மேளச் சத்தம் அதிகம். ஆனால் ஆள் வந்தால் நேரிலேயே சுட்டுக் காட்டுகிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஒரே குறை, விலாப்பக்கம் திறந்து கிடக்கிறது. போனில் அரை மணி நேரம் பேசினேன். பாக்கெட் வேண்டாம், பூத்தையல் வேண்டாம், விளக்கு மாட்டும் கொக்கி வேண்டாம். அந்தக் காசையெல்லாம் விலாவில் போடுங்கள் என்றேன். சரி என்றார்கள். இதுதான் நடுவாப்பு. பார்வைக்குச் செலவழிப்பதை நிறுத்தினால் உயிருக்குச் செலவழிக்கக் காசு கிடைத்துவிடும்.

வேலுவுக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் கிடைத்த ஆள் அவன், வேறொன்றுமில்லை.

"அக்கா, அரிசி மூட்டையக் கட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்குது. இதோட வேன்ல ஏறுனா எறக்கறதுக்குத் தனியா ஆள் போடோணும்."

"கழட்டாத. சித்த நேரம் போட்டிரு."

அக்குளுக்குக் கீழே கை விட்டுப் பார்த்தேன். ஜாக்கெட்டுக்கும் அவனுக்கும் நடுவில் என் கை முழுசாகப் போகிறது. விலா எலும்பு தட்டுப்படுகிறது. வீட்டில் மூன்று தோசைக்கு மேல் தின்பதில்லை. டீக்கடை வடையைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான்.

ஜூன் 17, செவ்வாய்

பெங்களூர் பட்டறைக்கு அளவுகள் அனுப்பினேன். வேலுவுக்கு ஒரு சைஸ் குறைத்துச் சொன்னேன். எல்லோருக்கும் அளவெடுத்துத்தான் சொன்னேன், அவனுக்கும்.

ஜூன் 23, திங்கள்

எம்.டி. அறையில் ஒருவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். எம்.டி.யின் சகலை சந்திரகுமார். பெங்களூர் ஜாக்கெட்டை அப்படியே அச்சு அசலாகச் செய்து தருவாராம், விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக.

"அவங்களே கொறைக்க முடியாத வெலைக்கு நீங்க எப்படித் தருவீங்க?" என்றேன்.

"அவன் நாலு பேரு லாபத்த வெச்சு விக்கறானுங்க மேடம். நமக்கு அது கெடையாது." பேசும்போது பிஸ்கட் தூள் மேசையில் தெறித்தது. மாதிரி ஜாக்கெட்டின் மேலும் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும் சார்" என்றேன் எம்.டி.யிடம்.

"சொந்தக்காரங்ககிட்ட என்ன சோதன வஞ்சி? சான்றிதழோட தர்றாங்கறேன்."

ஜூலை 3, வியாழன்

சந்திரகுமாரின் சரக்குத்தான் வந்தது. வெளியே பார்த்தால் நான் தேர்ந்தெடுத்ததேதான். அதே நிறம், அதே தையல், நான் கேட்ட விலாப்பக்கம்கூட இருந்தது. கழுத்துக்குப் பின்னால் தரச்சான்றுப் பட்டி. அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுக்கக் குனிந்தவள் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். கனமான பொருளைத் தூக்கப்போகிறோம் என்று உடம்பு தயாராகிக் குனிகிறது, கையில் வருவதோ தலையணை.

காவலாட்களுக்கு ஒரே சந்தோஷம். ராயப்பன் மாட்டிக்கொண்டு கையை வீசி நடந்து காட்டினார். "இதுதானுங்க்கா ஜாக்கெட்டு. போன தடவ காட்டுனது இரும்புக்கட."

வேலு ஓரமாக நின்று குனிந்து நிமிர்ந்து பார்த்தான். "நல்லாத் தேடிப் புடிச்சிருக்க அக்கா" என்றான். எல்லோர் முன்னாலும் அவன் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

அவர்கள் போனபிறகு ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றின் தையலைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் அட்டை. ரப்பர் செருப்புக்கு அடி வெட்டுவார்களே, அந்த நீல அட்டை. முழு அட்டைகூட இல்லை, வெட்டி எடுத்தது போக மிஞ்சிய கழிவு. துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். நெஞ்சுக்கு நேராக வரும் இடத்தில் ஒரு பாதத்தின் அளவுக்குச் செருப்பு வடிவில் ஓட்டை. குதிகாலும் விரல்பக்கமும் தெளிவாகத் தெரிகிறது.

அதற்குள் கையை விட்டேன். மறுபக்கத்துத் துணி விரலில் பட்டது.

ஜூலை 4, வெள்ளி

எம்.டி. மேசையில் அந்த அட்டையைப் போட்டேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்திரன் இந்த மட்டுக்குப் போவான்னு நான் நெனைக்கல" என்றார். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

பிறகு சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பழைய வெட்டு, மண்புழு படுத்திருப்பதுபோல. "நானும் வேன்ல போனவந்தான். வெறுஞ்சட்டையோட போனவன். திருடன் ஜாக்கெட்டப் பாத்தான்னாவே பாதி பேரு கிட்ட வர மாட்டான் வஞ்சி. பார்வைக்கு இருந்தாச் சரி. நல்லதா வாங்கிப் போட்டேன்னு வெச்சுக்க, ரெண்டு மாசத்துக்கு யாருக்கும் சம்பளம் போட முடியாது. அப்ப நீயே வந்து கேப்ப, சம்பளம் எங்கன்னு."

"மீதிப் பாதி பேரு கிட்ட வந்தா?"

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "தெச்சு மூடிரு" என்றார்.

அந்த மனிதரை முழுக்க வெறுக்க முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்ன சம்பளக் கணக்கு பொய்யில்லை. வங்கிக்கு ஜாக்கெட் வேண்டும், ஆனால் காசு தர முடியாது. எம்.டி.க்கு ஒப்பந்தம் வேண்டும். சகலைக்குச் செருப்புக் கழிவை விற்க வேண்டும். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நெஞ்சில் ஓட்டை விழுந்திருக்கிறது.

நான் தைக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோழி எடுத்துக் குழம்பு வைத்தேன். வேலு தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன், ஜாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று. சிரித்தான்.

"செருப்பா? அப்ப நெஞ்சுல செருப்போடதான் சுத்திட்டிருக்கறமா?"

"சிரிக்காதடா. நாளைக்கு அதப் போடாத. ஸ்டோர்ல மாதிரிக்கு வந்தது இருக்குது, அதத் தர்றேன்."

"அந்த மூட்டையவா? எல்லாத்துக்கும் ஒண்ணு, எனக்கு மட்டும் ஒண்ணா? ஸ்டோர்க்காரி தம்பின்னு ஏற்கனவே சொல்றானுங்க. யாருக்கா வந்து குத்தப் போறான். நீ சும்மா இரு."

எழுந்து கை கழுவப் போனான். எலும்பைக்கூடச் சரியாகக் கடிக்காமல் வைத்திருந்தான். தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன். 

ஜூலை 8, செவ்வாய்

காலையில் வேன் கிளம்பும் முன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து ஆஜர் பார்ப்பார்கள். நான் போய் நடுவில் நின்று, யாரையும் கேட்காமல், கத்தரிக்கோலால் ஒரு ஜாக்கெட்டைக் கழுத்திலிருந்து வயிறு வரை கிழித்துக் காட்டினேன். செருப்பு வடிவ ஓட்டை வழியாக என் முகத்தைக் காட்டினேன். கோமாளித்தனமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். வேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"லேசா இருக்குதுங்க்கா, அது போதுமுங்க" என்றார் ராயப்பன். "பழைய வேலையில வெறும் சட்டதான் குடுத்தாங்க."

எம்.டி. மாடியிலிருந்து இறங்கி வந்து, சத்தம் போடாமல், என்னிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குப் போ வஞ்சி. கூப்புடற வரைக்கும் வர வேண்டாம்."

வேன்கள் அதே ஜாக்கெட்டுகளோடு கிளம்பிப் போயின.

ஜூலை 10, வியாழன்

வங்கிக்குப் போனேன். இந்த ஒப்பந்தத்தைப் பார்க்கும் அதிகாரி நிவேதிதா என்ற சின்னப் பெண். மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரப்பர் அட்டையை அவள் மேசையில் வைத்தேன். பேனா முனையால் தள்ளி என் பக்கமே நகர்த்தினாள்.

"உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது மேடம். ஆனா சர்டிஃபிகேட் சரியா இருக்கே."

"சர்டிஃபிகேட்ட நெஞ்சுல கட்டிட்டுப் போக முடியுமா?"

"சாமானக் கிழிச்சுப் பாக்கறது எங்க வேலையில்ல மேடம். நீங்க இப்ப அந்தக் கம்பெனியில இருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"ஓ" என்றாள். அதோடு அவள் முகத்தில் மரியாதை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. குளிர் அறை, பூ வாசனை அடிக்கும் ஏதோ ஒன்றைத் தெளித்திருந்தார்கள். எலி செத்துக் கிடந்த அந்த இரும்புப்பெட்டி நாற்றமே தேவலை. அது தன்னை வேறு எதுவாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வேலு பேசுவதில்லை. போட்டதைத் தின்றுவிட்டுப் போகிறான். இன்று போகும்போது ஜாக்கெட்டின் வார் சரியாக மாட்டாமல் தொங்கியது. மாட்டி என்ன ஆகப் போகிறது. ஆனாலும் சொன்னேன். காது கேட்காததுபோல் போனான்.

ஜூலை 13, ஞாயிறு

கதவைத் தட்டியது ஒரு பெண். இடுப்பில் ஒரு பை, கையில் மீன் வாடை. "ராயப்பன் சம்சாரமுங்க்கா, புனிதா" என்றாள். ஒண்டிப்புதூர் மார்க்கெட்டில் மீன் கழுவிக் கொடுக்கிற வேலையாம்.

பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துத் தரையில் போட்டாள். நெஞ்சில் ஒரு கீறல், சின்னதாக, சுத்தமாக.

"நீங்க கிழிச்சுக் காட்டறதுக்கு மின்னாடியே உங்க தம்பி டீக்கடையில சொல்லிச் சிரிச்சுதாமுங்க்கா, அக்கா இப்புடிச் சொல்லுதுன்னு. இவரு வீட்ல வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வல்ல. அவரு தூங்கறப்போ மீன் கழுவற கத்திய எடுத்தேன். நான் குத்தக்கூட இல்லீங்க்கா. மொனைய வெச்சுப் பாக்கலாம்னு வெச்சேன், அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு."

அவள் விரல்களின் இடுக்கில் செதில் ஒட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தியிருப்பேன்.

"அவர்கிட்டக் காட்டுனியா?"

"காட்டுனனுங்க. புது ஜாக்கெட்டக் கிழிச்சுட்டயான்னு திட்டுனாரு. கம்பெனியில சம்பளத்துல புடிப்பாங்களாம்." ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆம்பளைங்ககிட்டப் பேசி ஒண்ணும் ஆகாதுங்க்கா. வீட்டு அட்ரஸெல்லாம் உங்ககிட்ட இருக்குமல்லங்க?"

இருந்தது. அளவெடுக்கும்போது எழுதி வைத்தது.

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து இருட்டுகிற வரை நடந்தோம், ஒண்டிப்புதூர், இருகூர், நீலிக்கோணாம்பாளையம். புனிதா அந்த ஜாக்கெட்டையும் கத்தியையும் பையில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பெண்ணிடமே கத்தியைக் கொடுத்தாள். ஒரு மாமியார் கதவைச் சாத்திவிட்டார். ஒரு பெண் வாங்கவே மாட்டேன் என்றாள். தெரிந்துகொண்டால் அப்புறம் எப்படி அனுப்புவது என்று கேட்டாள். மற்றவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். கத்தி இறங்கும்போது ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. சாக்கடை மூடியைத் திறந்து பார்த்ததுபோல் ஒரு சுளிப்பு, அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி கேட்டில் இருந்தோம். பத்திருபது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், அதைவிட அதிகமாகவே வந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் டிபன் தூக்கு. கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மழை தூறிச் சேறாகக் கிடந்தது; சேலையெல்லாம் பாழ்.

முதல் வேன் வந்து நின்றது. முன்சீட்டில் வேலு. கண்ணாடியை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அக்கா, மானம் போகுது. வீட்டுக்குப் போ."

நான் அசையவில்லை. எம்.டி. குடையோடு வந்தார். கோபத்தில் இருந்தார், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஏம்மா, இவிங்கெல்லாம் பசங்களோட சம்சாரம். வந்துட்டாங்க, செரி. உனக்கும் இதுக்கும் என்ன? நீ கம்பெனி ஆளு. நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

என்ன சொல்வதென்று யோசிக்கக்கூட இல்லை. "வேலுவுக்கு வீட்ல நாந்தான் சார் இருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். குரல் ஏன் அப்படிப் பிசிறியது என்று தெரியவில்லை. மழையில் நனைந்தது காரணமாக இருக்கலாம்.

புனிதா எழுந்து வேனுக்குப் பின்னால் போனாள். கத்தி எதையும் எடுக்கவில்லை. "எறங்குங்க" என்றாள் உள்ளே இருந்த ராயப்பனிடம். அவர் ஏதோ முணுமுணுத்தார். "எறங்குங்கன்னேன். அதக் கழட்டி மொதலாளிகிட்டக் குடுங்க. அவரு போட்டுட்டுப் போகட்டும்."

எம்.டி.யை யாரும் பார்க்கவில்லை. ராயப்பன் இறங்கினார். ஜாக்கெட்டைக் கழற்றிச் சேற்றில் வைக்க மனமில்லாமல் கேட்டில் மாட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியாக வேலு. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் இறங்கினான்.

ஜூலை 17, வியாழன்

இரண்டு நாளாக ஏ.டி.எம்.களில் பணம் இல்லை. ஜனங்கள் வங்கிக்குள் நுழைந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். நிவேதிதா எனக்குப் போன் செய்தாள். குரலில் தேன் வழிந்தது. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம், நாங்கதான் சீரியஸா எடுத்துக்கல."

அன்று செருப்பு வடிவ ஓட்டையைப் பார்த்தபோது வராத அக்கறை, மெஷின் காலியானதும் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

ஜூலை 19, சனி

எம்.டி. வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வங்கி கொஞ்சம் கூட்டித் தருகிறதாம். அவரும் கொஞ்சம் புரட்டுவாராம். சந்திரகுமார் சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சண்டை. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை.

"பெங்களூர்க்காரன்கிட்டயே சொல்லிட்டேன். நீதான் வந்து பாத்து எடுக்கோணுமாம், பேங்குல சொல்றாங்க." என்னை அவர் கூப்பிடவில்லை, வங்கி கூப்பிடுகிறது என்பதைத் தெளிவாகவே சொன்னார். "ஆனா ஒண்ணு. ரெண்டையும் சேத்தாலும் பாதிப் பேருக்குத்தான் வாங்க முடியும். காலம்பற ஷிப்டு கழட்டித் தர்றத மத்தியான ஷிப்டு போட்டுக்கோணும்."

"ஒருத்தர் வேர்வைய இன்னொருத்தர் போடறதா?"

"வேற வழி இருந்தாச் சொல்லு."

நாள் பூராவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலையையும் தரத்தையும் எப்படி நிறுத்துப் பார்த்தாலும் வேறு வழி இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

பெங்களூர் சரக்கு இறங்கியது. தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது. போன வாரம் நானே பெங்களூர் போய், சுட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் நடுப்பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, கத்தரிக்கோல் கேட்டேன்.

"நல்லதையுமா வெட்டோணும்?" என்றார் எம்.டி. தவித்துப்போய்.

"நல்லதுதானான்னு வெட்டுனாத்தான சார் தெரியும்."

கத்தரிக்கோல் பாதியில் நின்றுவிட்டது, வெட்டவே முடியவில்லை. பிளேடு கொண்டு வந்து தையலைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே துணி, அடுக்கு மேல் அடுக்காக, மஞ்சளாக, ஒழுங்காக. தகடு இருக்கிறது. விலாவிலும் இருக்கிறது. எம்.டி. தலையில் கை வைத்துக்கொண்டார், ஒரு ஜாக்கெட் போயிற்றே என்று. பிறகு அவரும் குனிந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

ஆகஸ்டு 1, வெள்ளி

மத்தியானம் ஷிப்டு மாறும் நேரம். காலை வேன்கள் வந்து நின்றன. ராயப்பன் இறங்கி ஜாக்கெட்டைக் கழற்றினார். உள்பக்கம் முழுக்க நனைந்து கறுத்திருந்தது, வார்களில் உப்புக்கோடு. துடைக்கத் துணி வாங்கி வைத்திருந்தேன், துடைத்தும் போகவில்லை. வெயிலில் காயப்போட நேரமில்லை, அடுத்த வேன் நிற்கிறது. அந்த வாடையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பீடி, வேர்வை, நேற்றைய மீன், ஒரு முழு மனிதன்.

அடுத்து அதைப் போட வேண்டியவன் வேலு, அவனை இப்போது மத்தியான ஷிப்டில் போட்டிருக்கிறார்கள். காலை ஷிப்டில் அவனுக்கு அளவு ஒத்துப்போகிற ஆள் கிடைக்கவில்லை. ராயப்பன் அவனைவிட இரண்டு மடங்கு. வார்களை இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவன் கண்ணை மூடிக்கொண்டான்.  தலை வழியாக மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, என் முன்னால் வந்து நின்றான், சின்ன வயசில் சட்டை போட்டுவிடச் சொல்லி நிற்பானே, அப்படி.

இன்னொருத்தர் வேர்வை என் கை முழுவதும் பட்டது. சூடாக இருந்தது. விலாப்பக்கத்து வாரை முழங்காலால் முட்டுக் கொடுத்து இழுத்தேன்.

"மூச்சு முட்டுதுக்கா" என்றான்.

"முட்டட்டும்" என்று சொல்லி, இன்னும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன்.